ரெண்டு மாச நாய்க்குட்டி, வெயிட்டு ஏறி எறங்குது – வீட்ல எப்படி நிறுத்துப் பாக்கறீங்க?

தாமுவேக்காரி – ஜூன் 14, ராத்திரி 9:10

எல்லாருக்கும் வணக்கம், ரங்கூன் தாமுவேல இருந்து எழுதறேன். எங்க சந்துல ஒரு தெரு நாய் குட்டி போட்டுச்சு, மழைல நனைஞ்சு ரெண்டு போயிருச்சு, மிச்சம் இருந்த பொட்டைக் குட்டிய மே கடைசில வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டோம். அப்ப ஏழு வாரம் இருக்கும்னு பக்கத்து வீட்டம்மா கணக்கு சொன்னாங்க. முதுகுல வெள்ளைப் புள்ளி இருக்கறதால பேரு புள்ளி.

பிரச்சினை என்னன்னா அவ வெயிட்டு. வந்த அன்னிக்கு மொதல்ல முக்குல இருக்கற மீன்கடைல வெச்சு நிறுத்தேன், ஒண்ணேகால்னாரு கடைக்காரர், நோட்டுல 1.25னு எழுதிட்டேன். ஆறு நாள் கழிச்சு ஊசி போடக் கூட்டிட்டுப் போனப்ப அங்க மெஷின்ல 2.3ன்னு வந்துச்சு. ஆறு நாள்ல ரெட்டிப்பா-ன்னு பயந்துட்டேன். எதிர் வீட்டுக்காரர் ரொம்ப வேகமா வெயிட்டு ஏறினா கால் வளைஞ்சிரும் சோத்தக் கொறைன்னாரு, நானும் பாதியாக் கொறைச்சுட்டேன். இன்னிக்கு வீட்ல ஆள் நிக்கற மெஷின்ல அவளத் தூக்கிட்டு ஏறிப் பாத்தா 2.0 தான் காட்டுது. இப்ப எளைச்சுட்டாளா? வயிறு மட்டும் உருண்டையா இருக்கு, அதப் பாத்தா எளைச்ச மாதிரியும் தெரியல. எனக்கு ஒண்ணும் புரியல, ராத்திரி தூக்கம் வரல. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

பெகு_பையன் – ஜூன் 14, 9:32

அக்கா மொதல்ல சோத்தப் பழைய அளவுக்கே குடுங்க, மிச்சத்த அப்புறம் பேசலாம். ரெண்டு மாசக் குட்டிக்குப் பாதி சோறு போதவே போதாது.

---

வாத்தியார்_தன்லின் – ஜூன் 14, 9:50

தங்கச்சி, மீன்கடைக்காரர் ஒண்ணேகால் சொன்னது வீசைல. கிலோ இல்ல. நம்ம ஊர்ச் சந்தைல இன்னும் வீசைக் கணக்குதான ஓடுது, பர்மாக்காரங்க பெய்தாம்பாங்க. ஒரு வீசை 1.633 கிலோ. ஒண்ணேகால் வீசைன்னா 2.04 கிலோ. அப்ப ஏழாவது வாரம் 2.04, எட்டாவது வாரம் 2.3. ஆறு நாள்ல 260 கிராம் ஏறிருக்கு, அது நல்ல வளர்ச்சி. ரெட்டிப்பும் ஆகல ஒண்ணும் ஆகல. குட்டி சரியாத்தான் வளந்துட்டு இருந்திருக்கு.

இன்னொண்ணும் சொல்லிடறேன். வீட்ல பெரியவங்க சொல்ற ஊர் வீசை வேற. மெட்ராஸ் வீசை நாப்பது பலம், கிட்டத்தட்ட 1.4 கிலோ, எட்டு வீசை ஒரு மணங்கு. பர்மா வீசை அதவிடப் பெருசு, நூறு பங்காப் பிரிப்பாங்க, ஒரு பங்கு 16 கிராம் சொச்சம். பேரு ஒண்ணுன்னு அளவும் ஒண்ணா நெனைச்சிராதீங்க. நோட்டுல நம்பருக்குப் பக்கத்துல வீசையா கிலோவான்னு கட்டாயம் எழுதுங்க.

---

தாமுவேக்காரி – ஜூன் 14, 10:05

ஐயோ. அப்ப சரியா வளந்துட்டு இருந்த குழந்தைக்கு நான் ஒரு வாரமாப் பாதி வயிறு போட்டிருக்கேன். மனசு ரொம்பக் கஷ்டமா இருக்கு அண்ணே. இப்பவே எழுப்பிச் சோறு வெச்சேன், தட்ட நக்கி நக்கி சுத்தி வந்தா.

---

மோல்மீன்_அக்கா – ஜூன் 14, 10:40

தங்கச்சி அழாதீங்க, ஒரு வாரந்தான, சரி பண்ணிரலாம். நான் இருவது வருசமா நாய் வளக்கறேன், எங்க வீட்ல பிரசவமே நாலு பாத்திருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன் பொறுமையாப் படிங்க.

மொத விஷயம், ஆள் நிக்கற மெஷின நம்பாதீங்க. நீங்க தனியா ஏறி ஒரு தடவ, குட்டியத் தூக்கிட்டு ஒரு தடவ, கழிச்சா குட்டி வெயிட்டு – கணக்கு சரிதான், ஆனா அந்த மெஷின் ஐம்பது அறுபது கிலோ ஆளுக்குச் செஞ்சது, கால கொஞ்சம் தள்ளி வெச்சாலே 200, 300 கிராம் மாறும். பத்து கிலோ நாய்க்கு 300 கிராம் தப்பு பரவால்ல, ரெண்டு கிலோ குட்டிக்கு அது ஒரு வார வளர்ச்சியே. இப்பவே மூணு தடவ ஏறி எறங்கிப் பாருங்க, மூணும் மூணு நம்பர் காட்டும்.

அஞ்சு கிலோ வரைக்கும் சமையக்கட்டுத் தராசு போதும், மேல ஒரு பிளாஸ்டிக் பேசின வெச்சு பூஜ்யம் பண்ணிட்டு குட்டிய உள்ள உக்கார வெச்சா சரி. அது இல்லையா, மீன்கடைத் தராசே இருக்கட்டும், ஆனா எப்பவும் அதே கடை அதே தராசு. மார்க்கெட்டுல ஒரு தராசு ஒரு வாரம், இன்னொரு தராசு இன்னொரு வாரம்னு போனா வெயிட்டு ஏறினது குட்டியா தராசான்னு தெரியாது. உங்களுக்கு நடந்ததே அதான், மூணு எடத்துல மூணு தராசு.

நேரமும் அதே நேரம். நான் ஞாயித்துக்கிழமை காலைல, ஒண்ணுக்கு ரெண்டுக்குப் போன பிறகு, சோத்துக்கு முன்னாடி. சாப்ட்டுட்டு நிறுத்தா அந்தத் தட்டும் சேந்து ஏறிரும், சின்னக் குட்டிக்கு நூத்தம்பது கிராம் சோறும் தண்ணியும் சாதாரணம்.

எங்கிட்ட இருக்கறது கொக்கி போட்ட தொங்கு தராசு. கைலிய நாலு முனையும் சேத்து முடிச்சு போட்டு அதுல குட்டிய உள்ள விட்டு கொக்கில மாட்டுவேன், அப்படியே தூளி மாதிரி. கால் நாலும் உள்ள மடங்கிட்டா குட்டி திமிராது, முகம் மட்டும் வெளில தெரியும், ஆடாம நம்மளயே பாத்துட்டு இருக்கும். தரைல இருந்து நாலு விரக்கடைக்கு மேல தூக்காதீங்க, துள்ளினாலும் அடி படாது. கைலி வெயிட்டக் கழிக்க மறக்காதீங்க, மழைக்காலத்துல ஈரக் கைலி காஞ்ச கைலிய விட நல்லாவே கனக்கும், அதனால ஒவ்வொரு தடவயும் கைலிய மட்டும் தனியா ஒருக்கா மாட்டிப் பாருங்க.

பொறந்த குட்டிங்கன்னா வாரம் போதாது, தினம் நிறுக்கணும், ஒரு வார பத்து நாள்ல பொறந்த வெயிட்டு ரெட்டிப்பாகணும், ஒரு நாள் ஏறலைன்னாலே கவனிக்கணும். உங்க புள்ளி அந்தக் கட்டம் தாண்டிட்டா, வாரம் ஒரு தடவ போதும்.

ஆனா தங்கச்சி எனக்கு உறுத்தறது வெயிட்டு இல்ல, நீங்க கடைசில போறபோக்குல சொன்னீங்களே, வயிறு உருண்டைன்னு. வெலா எலும்பத் தடவிப் பாத்தீங்களா?

---

தாமுவேக்காரி – ஜூன் 15, காலை 7:20

அக்கா நீங்க சொன்ன மாதிரி மூணு தடவ ஏறினேன். 2.0, 2.2, 1.7. ஒரே நிமிசத்துல. சரின்னு விடிஞ்சதும் வெறும் வயித்தோட அதே மீன்கடைக்குத் தூக்கிட்டுப் போனேன், அதே தராசு. ஒரு வீசை இருவத்தி ரெண்டு. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி அதே தராசுல ஒரு வீசை இருவத்தஞ்சு. அப்ப நெஜமாவே எளைச்சிருக்கா.

வெலா தடவினேன். எலும்பு ஒண்ணொண்ணாத் தட்டுப்படுது, முதுகெலும்பும் முடிச்சு முடிச்சா இருக்கு. வயிறு மட்டும் பந்து.

---

கம்பவுண்டர் – ஜூன் 15, 8:15

நான் ஒரு கிளினிக்குல பதினோரு வருசம் டாக்டருக்குக் கூட வேல பாத்தவன். வெலா தெரியுது, வயிறு பந்து மாதிரி இருக்கு, தெரு நாய்க்குப் பொறந்த குட்டின்னா மொதல்ல நெனைக்க வேண்டியது பூச்சி. சாப்பாட்டக் கொறைச்சது ஒரு காரணம்தான், ஆனா பாதிச் சோத்துக்கு வயிறு உப்பாது.

உருண்டைப் புழு தாய் வயித்துல இருக்கும்போதே குட்டிக்குள்ள போயிரும், பொறந்தப்புறம் பால் வழியாவும் போகும். அதனாலதான் குட்டிக்கு ரெண்டு வாரத்துலயே ஆரம்பிச்சு எட்டு வாரம் வரைக்கும் ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா பூச்சி மருந்து, பிறகு ஆறு மாசம் வரைக்கும் மாசம் ஒருக்கான்னு குடுக்கறது. நம்ம மாதிரி சூடும் ஈரமும் இருக்கற நாட்டுல கொக்கிப் புழுவும் நிறைய, அது குடலக் கவ்வி ரத்தம் குடிக்கும். ஒதட்டத் தூக்கி ஈறப் பாருங்க. நல்ல ரோஸ் கலர்ல இருக்கணும், விரல வெச்சு அமுக்கினா வெளுத்து, எடுத்த ரெண்டு செகண்டுக்குள்ள திரும்ப ரோஸ் ஆகணும். ஏற்கனவே வெளுத்துக் கெடந்தா இன்னிக்கே டாக்டர்கிட்டப் போங்க, நாளைக்குன்னு தள்ளாதீங்க. கூடவே சின்ன டப்பால மலம் எடுத்துட்டுப் போங்க, மைக்ராஸ்கோப்புல பாத்தா எந்தப் புழுன்னு சொல்லிருவாங்க.

கடைல மருந்து வாங்கி நீங்களா ஊத்தாதீங்க. அளவு கிலோவுக்கு இவ்வளவுன்னு கணக்கு. வீசை நம்பர கிலோன்னு சொல்லி மருந்து வாங்கினவங்கள நான் பாத்திருக்கேன், ரெண்டு கிலோ குட்டிக்கு ஒண்ணேகால் கிலோ மருந்து போகும், புழு சாகாது, நாம மருந்து குடுத்தாச்சுன்னு நிம்மதியா இருப்போம்.

வீட்ல சின்னப் புள்ளைங்க இருந்தா மலத்த உடனுக்குடன் அள்ளுங்க, கைய சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்க. அந்தப் புழு முட்டை மனுசக் குழந்தைக்கும் ஆகாது.

---

பெகு_பையன் – ஜூன் 15, 8:40

அக்கா தெம்புக்கு டின் பால் கரைச்சுக் குடுங்க, நோஸி. எங்க தெருவுல எல்லாரும் குட்டிக்கு அதான் குடுப்பாங்க, வெயிட்டு சும்மா சர்ருன்னு ஏறும்.

---

மோல்மீன்_அக்கா – ஜூன் 15, 9:05

தம்பி, அது மட்டும் வேணாம். டின் பால்ல பாதிக்குப் பாதி சக்கரை. மாட்டுப் பாலே நெறைய குட்டிக்குச் செரிக்காது, வயித்தால போகும், போனா இருக்கற வெயிட்டும் போகும். எங்கம்மா காலத்துல நாங்களும் குடுத்தோம், ஒரு குட்டி பேதில துவண்டு போனதுக்கப்புறம் நான் தொடறதில்ல. நோஸி டப்பா அரிசி அளக்கறதோட நிக்கட்டும்.

எட்டு வாரம் தாண்டின குட்டிக்குப் பால் தேவையே இல்ல. குட்டிக்குன்னு இருக்கற தீனி வாங்க முடிஞ்சா அத வெந்நீர்ல ஊற வெச்சு நாளைக்கு நாலு வேளை. முடியலன்னா கொழைய வேகவெச்ச சோறு, தோல் கொழுப்பு இல்லாத கோழி, கொஞ்சம் ஈரல், பூசணி, ஆனா அதுல சுண்ணாம்புச் சத்து ரொம்பக் கம்மி, மாசக்கணக்கா அதையே குடுத்தா எலும்பு மெலிஞ்சு வளையும், அதனால டாக்டர்கிட்டக் கேட்டு என்ன சேக்கணுமோ சேத்துக்கங்க. நம்ம கறிச் சோறு ஆகவே ஆகாது, பர்மா கறின்னா வெங்காயமும் பூண்டும் எண்ணெயும்தான, வெங்காயம் நாயோட ரத்தச் செல்ல ஒடைச்சிரும். புள்ளிக்கு ஏற்கனவே கொக்கிப் புழு ரத்தம் குடிச்சிருந்தா வேற வெனையே வேணாம்.

இன்னொண்ணு, கரண்டு போற நாள்ல பிரிட்ஜுல வெச்ச சோத்த மோந்து பாத்துட்டு வைங்க. சந்தேகம் இருந்தாக் கொட்டிருங்க.

---

தாமுவேக்காரி – ஜூன் 15, சாயங்காலம் 6:30

போய்ட்டு வந்துட்டோம். ஈறு லேசா வெளுத்துத்தான் இருந்துச்சு. மலத்துல ரெண்டு வகை முட்டையும் இருக்குன்னாங்க, உருண்டைப் புழு, கொக்கிப் புழு. அங்க வெயிட்டு 1.98. நம்ம மீன்கடை 1.22 வீசைய 1.633ஆல பெருக்கினா 1.99. கடைக்காரர் தராசு அவ்வளவு சுத்தம், போய்ச் சொன்னேன், சிரிச்சுட்டு இனிமே ஞாயித்துக்கெழமை வாங்க மொத நிறுவை உங்க குட்டிக்குத்தான்னாரு.

மருந்து குடுத்தாச்சு, ரத்தம் ஊற டானிக்கும் குடுத்தாங்க, ரெண்டு வாரத்துல திரும்ப வரச் சொன்னாங்க. கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி வெளிக்குப் போனதுல புழு வந்துச்சு, சேமியா மாதிரி சுருண்டு சுருண்டு. அதப் பாத்தப்ப எனக்கு உடம்பே நடுங்கிருச்சு. இதெல்லாம் உள்ள வெச்சுக்கிட்டு என் கால் பெருவெரலக் கடிச்சு வெளையாடிட்டு இருந்திருக்கா.

---

மண்டலை_ஷெப்பர்ட் – ஜூன் 17, மதியம் 1:15

இங்கயே கேக்கறேன். எங்கிட்ட மூணரை மாசம் ஜெர்மன் ஷெப்பர்ட் ஆண் குட்டி, 14 கிலோ. வித்தவர் கால்சியம் மாத்திரை தெனம் குடுன்னாரு, பெரிய சாதி எலும்பு கெட்டியாகணும்னு. பெரிய நாய்க்கான குட்டித் தீனியும் குடுக்கறேன். இன்னும் வெயிட்டு ஏத்தணுமா? பாக்கறவங்க ஒல்லியா இருக்குங்கறாங்க.

---

கம்பவுண்டர் – ஜூன் 17, 2:00

தம்பி கால்சியம் மாத்திரைய நிறுத்துங்க, நல்ல குட்டித் தீனிலயே தேவையானது இருக்கு. ஆறு மாசத்துக்குள்ள இருக்கற குட்டிக்கு வேண்டாத கால்சியத்தக் குடல்லயே தடுக்கற சக்தி கெடையாது, குடுத்ததுல பெரும்பங்கு உள்ள போயிரும், பெரிய சாதில அதுவே எலும்பையும் மூட்டையும் கெடுக்கும். மேல அக்கா சொன்னது வெறும் சோறும் கோழியும் திங்கற குட்டிக்கு, உங்களுது தீனி திங்கற குட்டி, ரெண்டயும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

ஒல்லின்னு ஊர் சொல்றதக் கேக்காதீங்க, கையக் கேளுங்க. முஷ்டி மடக்கி மொழிய இன்னொரு கை வெரலால தடவுங்க, வெலா அப்படி இருந்தா எளைப்பு. கைய விரிச்சு உள்ளங்கை அடிப்பக்கம் தடவுங்க, அப்படி மெத்துன்னு இருந்தா கொழுப்பு. பொறங்கைய நீட்டித் தடவினா எலும்பு தெரியும் ஆனா துருத்தாது, வெலா அப்படி இருக்கணும். மேல இருந்து பாத்தா இடுப்பு உள்ள வாங்கணும், பக்கத்துல இருந்து பாத்தா அடிவயிறு மேல ஏறணும். டாக்டருங்க இத ஒண்ணுல இருந்து ஒம்பது வரைக்கும் மார்க்கு போடுவாங்க, நாலு அஞ்சு நல்ல மார்க்கு.

அமெரிக்கால லேப்ரடார் 48 குட்டிய ஜோடி ஜோடியாப் பிரிச்சு ஒண்ணுக்கு இன்னொண்ண விட கால் பங்கு கம்மியாத் தீனி போட்டு ஆயுசு பூராப் பாத்தாங்க, 2002ல வெளில வந்துச்சு. கம்மியாத் தின்னது கிட்டத்தட்ட ரெண்டு வருசம் கூட வாழ்ந்துச்சு, மூட்டு நோவும் தள்ளி வந்துச்சு. பெரிய சாதிக் குட்டிய மெதுவா, ஒல்லியா வளக்கறதுதான் அதுக்கு நாம செய்யற நல்லது. அதுக்காகப் பட்டினி போடச் சொல்லல, புள்ளி கதைதான் மேல இருக்கே.

---

வாத்தியார்_தன்லின் – ஜூன் 17, 8:20

வால்தம்னு ஒரு ஆராய்ச்சி நிலையம் குட்டிங்களுக்கு வளர்ச்சி வரைபடம் போட்டிருக்கு, 2017ல ஆய்வு வந்தது, நெட்ல இலவசம். நம்ம புள்ளைங்களுக்கு நர்ஸ் போடுவாங்களே வளைவுக் கோடு, அதே மாதிரி. 12 வாரத்துல இருந்து ரெண்டு வருசம் வரைக்கும், பெருசானா எவ்வளவு வெயிட்டு வரும்ங்கறத வெச்சு அஞ்சு பிரிவு, ஆணுக்குத் தனி பொண்ணுக்குத் தனி, 40 கிலோ நாய் வரைக்கும். குட்டி எந்தக் கோட்டுல ஆரம்பிச்சுதோ அத ஒட்டியே போனா சரி, கீழ்க் கோடா மேல்க் கோடாங்கறது முக்கியமில்ல. ரெண்டு கோடு தாண்டி மேல ஏறினாலோ கீழ எறங்கினாலோ டாக்டர்கிட்டக் காட்டணும்.

---

மோல்மீன்_அக்கா – ஜூன் 17, 9:10

அண்ணே தப்பா நெனைக்காதீங்க, சாதி நாய்க்கு அது சரி. தெருக் குட்டிக்கு அப்பன் யாருன்னே தெரியாது, பெருசானா எட்டு கிலோவா பதினெட்டு கிலோவான்னு எந்தப் பிரிவுல போடுவீங்க? தப்பான படத்துல வெச்சுப் பாத்தா நல்லா இருக்கற குட்டியும் எளைச்ச மாதிரி தெரியும், திரும்பச் சோத்த ஏத்தறது கொறைக்கறதுன்னு ஆரம்பிச்சிரும்.

---

வாத்தியார்_தன்லின் – ஜூன் 17, 9:35

நீங்க சொல்றது சரிதான். ஆனா தாய் கண்ணுக்கு முன்னாடி இருக்கே, தாமுவே தங்கச்சி அது எவ்வளவு பெருசுன்னு சொன்னா ஓரளவு கணிக்கலாம். இன்னொரு கணக்கும் இருக்கு: பெருசானா வரப்போற வெயிட்டுல கிலோவுக்கு 2ல இருந்து 4 கிராம், அவ்வளவு ஒரு நாளைக்கு ஏறலாம். 11 கிலோ ஆகப் போற நாய்னா நாளைக்கு 22ல இருந்து 44 கிராம், வாரத்துக்கு 150ல இருந்து 300. இத வெச்சுப் பாருங்க, மொத வாரம் 260 சரியா உள்ள விழுது.

படம் இல்லாட்டியும் நோட்டுல ஒரு கோடு போடுங்க, கீழ வாரம், பக்கத்துல கிலோ. அது மேல போகுதா, படுத்துருச்சாங்கறது ஒரு பார்வைல தெரியும்.

---

தாமுவேக்காரி – ஜூன் 21, 7:45

தாய் நடுத்தரம் அண்ணே, என் முட்டிக்குக் கொஞ்சம் கீழ, பத்து பதினோரு கிலோ இருக்கும். அதையும் புடிச்சு மருந்து குடுக்க ஏற்பாடு பண்ணிட்டு இருக்கோம், பக்கத்து வீட்டம்மா தெனம் சோறு வெக்கறாங்க அதனால கிட்ட வருது.

இன்னிக்கு மீன்கடை: ஒரு வீசை நாப்பத்தி நாலு. 2.35 கிலோ!! ஒரே வாரத்துல 360 கிராம். வாத்தியார் கணக்க விட அதிகமா இருக்கே, பரவால்லையா?

---

கம்பவுண்டர் – ஜூன் 21, 8:30

பரவால்ல, விட்டதப் புடிக்குது. ரெண்டு மூணு வாரத்துல தானா நிதானமாயிரும். வயிறு எறங்கிருச்சா? ஈறு?

---

தாமுவேக்காரி – ஜூன் 21, 8:50

வயிறு பாதியாக் கொறைஞ்சிருச்சு அண்ணே, இடுப்பு தெரிய ஆரம்பிச்சிருக்கு. ஈறு தெனம் வெளிச்சத்துல தூக்கிப் பாக்கறேன், ஓரமெல்லாம் ரோஸ் வந்துருச்சு. கழுத்துப் பட்டையும் ஒரு ஓட்டை தள்ளிப் போட்டேன்.

---

மோல்மீன்_அக்கா – ஜூன் 21, 9:20

பட்டைய வாரம் ரெண்டு தடவ பாருங்க தங்கச்சி, ரெண்டு விரல் தாராளமாப் போகணும். வளர்ற குட்டிக்குப் பட்டை இறுகி முடிக்கடில தோல அறுத்தத நான் கண்ணால பாத்திருக்கேன், முடி மூடிக்கறதால வாடை வந்தப்புறம்தான் தெரியும்.

---

தாமுவேக்காரி – ஜூலை 5, 7:30

ரெண்டாவது மருந்தும் முடிஞ்சுது, ரெண்டாவது ஊசியும். போன ஞாயிறு 1.62 வீசை, இன்னிக்கு 1.84. கிலோல 2.65, 3.0. சுவத்துல காலண்டர் பக்கத்துல கோடு போட்ட தாள் ஒட்டிருக்கேன், என் பையன்தான் புள்ளி வெக்கறான், பேரும் புள்ளி வெக்கறதும் புள்ளின்னு அவனுக்கு ஒரே சந்தோசம். இந்த வாரம் வெலாவ பொறங்கை மாதிரி ஒணர முடியுது.

வெறிநாய்க்கடி ஊசி எப்ப போடணும்?

---

கம்பவுண்டர் – ஜூலை 5, 8:10

பன்னெண்டு வாரம் ஆச்சுல்ல, இப்பவே டாக்டர்கிட்டக் கேளுங்க. நம்ம ஊருல இத ஒரு நாளும் தள்ளிப் போடக்கூடாது.

---

மண்டலை_ஷெப்பர்ட் – ஜூலை 6, 11:40

கால்சியம் நிறுத்தியாச்சு அண்ணே, டாக்டரும் அதையேதான் சொன்னாரு. குட்டி 17 கிலோ, மார்க்கு நாலு போட்டாங்க. இனிமே தூக்கிட்டு மெஷின்ல ஏற எனக்குத்தான் முதுகு வலிக்குது, நடந்து ஏறப் பழக்கணும்.

---

தாமுவேக்காரி – ஆகஸ்ட் 2, 7:50

பதினாறு வாரம். ரெண்டு வீசை அறுவத்தி மூணு, 4.3 கிலோ. வெறிநாய் ஊசி போட்டாச்சு. கைலித் தூளில இப்ப தலையும் முன்னங்காலும் வெளில தொங்குது, கடைக்காரர் தராசக் கொஞ்சம் ஒசத்தி மாட்டிக் குடுத்தாரு. தாய் நாயையும் போன வாரம் புடிச்சுட்டோம், அதுக்கும் மருந்து குடுத்தாச்சு, 10.6 கிலோ, மெஷின்ல மூணு தடவ நிறுத்து நடு நம்பர எடுத்தேன்.